வீட்டுக் கணினியில் ஸ்பைவேர்: காசு கொடுக்காமல் எடுக்க வழி இருக்கிறதா?

செண்பகம்_கோவில்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது, விண்டோஸ் 10. அப்பா ஓய்வூதியர் சங்கக் கடிதங்கள் தட்டுவார். பையன் பத்தாம் வகுப்பு. படிப்பு பாதி, கேம் பாதி. நான் கரண்ட் பில், பேங்க் வேலை பார்ப்பேன்.

கொஞ்ச நாளாக வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்! உடனே புதுப்பிக்கவும்" என்று சிவப்பாக வந்துகொண்டே இருக்கிறது. குரோமில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஏதோ தளத்துக்குப் போய், அங்கிருந்து யாஹூ பக்கம் திறக்கிறது. எக்ஸ்டென்ஷன் (குரோமோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்) பட்டியலில் நாங்கள் போடாத ஒன்று இருக்கிறது. அதை நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லை. "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்கிறது. எங்கள் வீட்டில் என்ன நிறுவனம் இருக்கிறது?

கடையில் கேட்டேன். ஸ்பைவேர், அதாவது உளவு பார்க்கும் மென்பொருள், ஏறியிருக்கிறது, ஃபார்மட் போட்டு ஒரு வருட ஆன்டிவைரஸும் ஏற்றித் தர 1,800 ரூபாய் என்றார்கள். காசு கொடுக்காமல் நானே எடுக்க முடியுமா? மவுஸ் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது. பொறுமையாகச் சொன்னால் செய்துவிடுவேன்.

---

ஃபார்மட்_பாண்டி

ஃபார்மட் போடுங்க அக்கா. மற்றதெல்லாம் நேர விரயம்.

---

ரிச்சித்தெருக்காரன்

பாண்டியிடம் தலைவலி என்று போனாலும் ஃபார்மட்தான் போடச் சொல்வார்.

செண்பகம் அக்கா, முதலில் அந்தச் சிவப்பு எச்சரிக்கையைப் பார்ப்போம். அடுத்த முறை வரும்போது அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் "கூகிள் குரோம்" என்றும் ஒரு தளத்தின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கொடுத்த அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் விளம்பரத்தை வைரஸ் எச்சரிக்கை வேஷத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதை எந்த ஆன்டிவைரஸைக் கொண்டு தேடினாலும் கிடைக்காது, கணினியில் ஃபைலாக எதுவும் இல்லாததால்.

எடுக்கும் வழி: குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் ரிமூவ் செய்யுங்கள். மேலேயே "தளங்கள் நோட்டிஃபிகேஷன் கேட்கக் கூடாது" என்ற தேர்வும் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

இதைச் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். "ஸ்பைவேர்" என்று கடைக்கு வரும் கேஸ்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இந்த ஒரு பட்டியலோடு முடிந்துவிடும். உங்களுடையது முடியாது, அந்த எக்ஸ்டென்ஷன் விஷயம் வேறு.

---

இலவசராஜா

அக்கா, எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது 1,800 எதற்கு? மால்வேர்பைட்ஸ், ஆட்வ்கிளீனர், ஸ்பைபாட், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, சிகிளீனர், ஹைஜாக்திஸ், சூப்பர் ஆன்டிஸ்பைவேர், எல்லாவற்றையும் ஏற்றி வரிசையாக ஓட்டுங்கள். ஒன்றில் தப்பியது இன்னொன்றில் மாட்டும்.

---

ரிச்சித்தெருக்காரன்

> எல்லாவற்றையும் ஏற்றி வரிசையாக ஓட்டுங்கள்

வேண்டாம் ராஜா. தேவைப்படும்போது மட்டும் ஓட்டுகிற ஸ்கேனர் ஒரு வகை. நாள் முழுக்க உட்கார்ந்து காவல் பார்க்கிற ஆன்டிவைரஸ் இன்னொரு வகை. முதல் வகையை ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம். இரண்டாம் வகையில் ஒன்றுக்கு மேல் போட்டால் ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுத்துக் கணினி ஆமையாகிவிடும். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றும் அந்த இரண்டாம் வகை. வெளி ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டாலே விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், அது தெரியாமல் பலர் இருந்த காவலையும் இழக்கிறார்கள்.

ஹைஜாக்திஸ் அந்தக் காலத்தில் நல்ல கருவி. அது கொடுக்கும் பட்டியலை (லாக்) ஃபோரத்தில் ஒட்டி "எதை டிக் செய்ய?" என்று கேட்டுக் கேட்டே எங்களில் பலர் தொழில் கற்றோம். இன்றைய விண்டோஸுக்கு அது பொருந்தாது. அதன் வேலையை ஆட்டோரன்ஸ் செய்கிறது, கீழே சொல்கிறேன்.

இலவசம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே திருடர்கள் தங்கள் நிரலைச் செருகிவிட்டார்கள். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே சுமார் 22.7 லட்சம் பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஸ்பைவேரை எடுக்க வந்ததே ஸ்பைவேர் வேலை பார்த்த கதை.

அதனால் என் பட்டியல் சின்னது. விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர். ஆட்வ்கிளீனர், நிறுவத் தேவையில்லை, அப்படியே ஓடும். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு. முதலில் 14 நாள் முழுப் பதிப்பாக ஓடிவிட்டுப் பிறகு ஸ்கேன் மட்டும் செய்யும் நிலைக்கு இறங்கும், "வாங்குங்கள்" என்று கேட்டால் மூடிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் சேஃப்டி ஸ்கேனர், இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். போதும். நம் அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் (2017இல் தொடங்கியது) குவிக் ஹீல், இஸ்கேன், நம்ம சென்னை கே7 ஆகியோரின் இலவசக் கருவிகளைத் தருகிறது.

எதை இறக்கினாலும் தயாரித்தவரின் தளத்துக்கே போங்கள். தேடல் முடிவில் முதலில் வரும் "ஸ்பான்சர்ட்" இணைப்பைத் தொடாதீர்கள். உங்கள் தேடலே கடத்தப்பட்டிருக்கிறது என்பதால் போனிலோ வேறு கணினியிலோ இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவது இன்னும் நல்லது.

---

செண்பகம்_கோவில்பட்டி

நோட்டிஃபிகேஷன் பட்டியலில் இருபதுக்கு மேல் பெயர்கள்! எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சிவப்பு எச்சரிக்கை அப்புறம் வரவே இல்லை. அப்பாவுக்குத்தான் ஏமாற்றம், தினமும் அதை மூடுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தார்.

தேடல் இன்னும் யாஹூவுக்குத்தான் போகிறது. அந்த எக்ஸ்டென்ஷனும் அசையவில்லை.

---

ரிச்சித்தெருக்காரன்

நல்லது. இப்போது "நிறுவனம்" யார் என்று பார்ப்போம்.

அலுவலகக் கணினிகளில் ஊழியர்கள் எதைப் போடலாம், எதை நீக்கக் கூடாது என்று நிர்வாகி கட்டளை வைக்க குரோமில் வசதி உண்டு. பாலிசி என்பார்கள். அந்தக் கட்டளை விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். ஸ்பைவேர் அதே இடத்தில் தன் எக்ஸ்டென்ஷன் பெயரை எழுதிவிட்டால் குரோம் அதை முதலாளி உத்தரவாக எடுத்துக்கொண்டு நீக்கவிடாது. (சில ஆன்டிவைரஸ்களும் பெற்றோர் கண்காணிப்பு மென்பொருள்களும் நியாயமாகவே பாலிசி எழுதும். அதனால் அந்த வாசகத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

இங்கே பலர் நேராக ரெஜிஸ்ட்ரிக்குப் போய் அழிப்பார்கள். கணினியை மறுபடி ஆன் செய்தால் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். எழுதுகிறவன் உள்ளேயே இருக்கிறான் இல்லையா, அவனை முதலில் எடுக்க வேண்டும். ஆகவே இந்த வரிசையிலேயே போங்கள்.

செட்டிங்ஸ், ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த சமயத்தில் ஏறியது என்னென்ன? பிடிஎஃப் கன்வெர்ட்டர், டிரைவர் அப்டேட்டர், வீடியோ டவுன்லோடர், "பிசி பூஸ்டர்" மாதிரி ஏதாவது இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ரிமோட் மென்பொருள் எதுவும் நீங்கள் அறியாமல் இருந்தால் அதையும்.

அடுத்து ஆட்வ்கிளீனர். ஸ்கேன் செய்து, பட்டியலைப் பார்த்துவிட்டு, குவாரண்டைன் (பிடித்துத் தனியே அடைத்து வைப்பது) கொடுத்து ரீஸ்டார்ட்.

அடுத்து ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச் என்பவர் எழுதிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொகுப்பையே வாங்கி இன்றும் இலவசமாகத் தருகிறது. விண்டோஸ் எழும்போது கூடவே எழுகிற எல்லாவற்றையும் இது காட்டும். ரைட் கிளிக்கில் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் உருப்படிகளை மறைக்கச் சொல்லுங்கள், பட்டியல் பாதிக்கு மேல் குறையும். இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியிட்டவர் யார் என்ற கையெழுத்து இல்லை. மஞ்சள் என்றால் வரி இருக்கிறது, ஃபைல் இல்லை. இளஞ்சிவப்பெல்லாம் திருடன் என்று அர்த்தமில்லை, சின்னச் சின்ன நல்ல மென்பொருள்களும் அப்படி இருக்கும். "ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்" தாவலை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வாயில் நுழையாத பெயரில் ஒரு டாஸ்க், அது ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் எதையோ பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) வழியாக ஓட்டுகிறது என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். அழிக்காமல் முதலில் டிக்கை மட்டும் எடுங்கள். தப்பாகிவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரெஜிஸ்ட்ரி. ரெஜ்எடிட் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகிள் வரை போங்கள். அங்கே குரோம் என்ற ஃபோல்டர் இருந்தால் ரைட் கிளிக் செய்து முதலில் எக்ஸ்போர்ட், பிறகு டெலீட். ஹெச்கீ கரண்ட் யூசரிலும் அதே பாதையைப் பாருங்கள். அப்புறம் குரோமை முழுதாக மூடித் திறந்து, ரீசெட் செட்டிங்ஸ்.

டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டையும் மறக்காதீர்கள். ப்ராப்பர்டீஸில் டார்கெட் என்ற வரி குரோமின் பெயரோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் வால் மாதிரி ஏதாவது தள முகவரியோ எக்ஸ்டென்ஷன் ஏற்றும் கட்டளையோ இருந்தால் அந்த ஷார்ட்கட்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

---

நாமக்கல்_கவிதா

ரிச்சித்தெரு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிஃபெண்டரை ஓட்டுவதற்கு முன்னால் அதன் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள் அக்கா. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அதில் கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். "இந்த இடத்தையெல்லாம் சோதிக்காதே" என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. உள்ளே நுழைந்த மென்பொருள் முதல் வேலையாகத் தன் ஃபோல்டரை அங்கே எழுதிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஸ்கேன் செய்தாலும் "எந்த ஆபத்தும் இல்லை" என்றே வரும். நீங்களே போட்டது எதுவும் இல்லை என்றால் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

காலி செய்துவிட்டு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் "டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்" தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். ஒளிந்துகொள்ளும் வகைகளுக்கு அப்போது ஒளிய இடம் இருக்காது. முடிவு ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும்.

"ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்" பக்கத்தில் ரெப்யுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன் உள்ளே, வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. அதுவும் ஆனில் இருக்கட்டும்.

---

இலவசராஜா

டிஃபெண்டரை நம்பலாமா? அந்தக் காலத்தில் யாரும் மதிக்க மாட்டார்களே.

---

ரிச்சித்தெருக்காரன்

அந்தக் காலத்தில் அது ஆன்டிவைரஸே இல்லை. ஜெயன்ட் என்ற சின்ன நிறுவனத்தின் ஆன்டிஸ்பைவேரை மைக்ரோசாஃப்ட் 2004 டிசம்பரில் வாங்கி, பெயர் மாற்றி வெளியிட்டது. ஸ்பைவேர் மட்டும்தான் பார்க்கும். முழு ஆன்டிவைரஸ் ஆனது விண்டோஸ் 8இல், 2012இல். இன்று வீட்டுக் கணினிக்கு அது போதும் என்பதே என் கருத்து.

அந்தக் காலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. விண்ஃபிக்சர், விண்ஆன்டிவைரஸ், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்று வரிசையாக வந்தன. இல்லாத வைரஸைக் காட்டி, எடுக்கக் காசு கேட்கும். 2008 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது, 2012இல் 16.3 கோடி டாலர் தீர்ப்பு. செண்பகம் அக்கா மூலையில் பார்த்த சிவப்புப் பெட்டி அதே சரக்குதான். அன்று எக்ஸ்இ ஃபைலாக வந்தது, இன்று நோட்டிஃபிகேஷனாக வருகிறது.

---

செண்பகம்_கோவில்பட்டி

எல்லாம் செய்தேன், பையன் கூட உட்கார்ந்து உதவினான். எக்ஸ்டென்ஷன் போய்விட்டது, தேடல் கூகிளிலேயே நிற்கிறது. ஆப்ஸ் பட்டியலில் ஒரு ரிமோட் மென்பொருள் இருந்தது. எப்போதோ சர்வீஸுக்கு வந்தவர் போட்டது, எடுத்துவிட்டேன்.

ஆனால் கவிதா சொன்ன எக்ஸ்க்ளூஷன்ஸில் சி டிரைவ் முழுவதும் இருந்தது! அதை எடுத்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் போட்டதும் இரண்டு சிக்கின. ஒன்றின் பெயரில் "ஸ்டீலர்" என்று வருகிறது. சிவியர் என்கிறது. ரிமூவ் கொடுத்தேன், போய்விட்டது.

பையனை விசாரித்தேன். ஏதோ கேமுக்கு மாட் (கேமை மாற்றும் கூடுதல் ஃபைல்) போட யூடியூப் வீடியோ பார்த்திருக்கிறான். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றுங்கள், ஜிப் பாஸ்வேர்ட் 1234" என்று அதில் இருந்ததாம். இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா?

---

நாமக்கல்_கவிதா

அக்கா, இல்லை. இனி நான் சொல்வதை அந்தக் கணினியில் செய்யாதீர்கள், உங்கள் போனிலிருந்து செய்யுங்கள். இந்தப் பதிவைப் படித்தவுடனே.

முதலில் பார்த்தது விளம்பரக் கும்பல். ஸ்டீலர் என்பது வேறு. அது கணினியில் குடியிருக்க வருவதில்லை. ஓடிய சில நிமிடங்களுக்குள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், ஆட்டோஃபில் விவரங்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிடும். சில வகைகள் வேலை முடிந்ததும் தங்களையே அழித்துக்கொள்ளும். நீங்கள் இன்று அதை நீக்கியதால் அன்று போனது திரும்பாது. ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டதே, உள்ளே இருப்பதை எந்த ஸ்கேனரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. லும்மா என்ற ஒரு ஸ்டீலரை மட்டும் எடுத்துக்கொண்டால், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதத்தில் 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டது. அந்த மே மாதம் நீதிமன்ற உத்தரவோடு அதன் சுமார் 2,300 தளங்களை முடக்கினார்கள். அந்தத் தொழிலில் லும்மா மட்டும் இல்லை.

பாஸ்வேர்ட் மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். குக்கீ இருக்கிறதே, அது பொருட்காட்சி வாசலில் கையில் குத்தும் முத்திரை மாதிரி. ஒரு முறை டிக்கெட் காட்டி முத்திரை வாங்கிவிட்டால் அப்புறம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. திருடன் கையில் அந்த முத்திரையே இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமல் உள்ளே வருவான். அதனால் எல்லா இடத்திலும் "மற்ற சாதனங்களிலிருந்து வெளியேறு" என்பதையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஜிமெயிலில் தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் அங்கேதான் வரும். பாஸ்வேர்ட் மாற்றி, "யுவர் டிவைசஸ்" பட்டியலில் அந்தக் கணினியையும் தெரியாத சாதனங்களையும் வெளியேற்றி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா? மெயில் வேறு முகவரிக்கு ஃபார்வர்ட் ஆகிறதா, நீங்கள் போடாத ஃபில்டர் இருக்கிறதா? இவற்றைப் பார்க்க ஜிமெயில் ஆப் போதாது. பிரவுசரில் டெஸ்க்டாப் பக்கமாகத் திறக்க வேண்டும். பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் திருடன் படித்துக்கொண்டிருப்பது இந்த வழியில்தான்.

அடுத்து நெட் பேங்கிங். அப்புறம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், பையனின் கேம் கணக்குகள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். குரோமில் எந்தெந்தத் தளத்தின் பாஸ்வேர்டைச் சேமித்திருந்தீர்கள் என்ற பட்டியல் கூகிள் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கும். அந்தப் பட்டியல் முழுவதும் அவனிடமும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன்.

---

ஃபார்மட்_பாண்டி

நான் முதல் பதிலிலேயே என்ன சொன்னேன்?

---

ரிச்சித்தெருக்காரன்

சரி பாண்டி, இந்தக் கேஸில் ஃபார்மட் போடத்தான் வேண்டும். விளம்பர எக்ஸ்டென்ஷனோடு நின்றிருந்தால் நான் போட விடமாட்டேன், சுத்தம் செய்ததே போதும். ஸ்டீலரை அனுப்பிய திருடன் கூடவே வேறு எதையாவது இறக்கினானா என்று எந்த ஸ்கேனரும் உறுதி சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு முதல் நாளே ஃபார்மட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்டீலர் இருந்ததே தெரிந்திருக்காது. பளிச்சென்று புது விண்டோஸ், அதே பழைய பாஸ்வேர்ட். கடையில் 1,800 கொடுத்திருந்தாலும் அதே கதைதான்.

---

நாமக்கல்_கவிதா

ஆமாம் அண்ணா. இன்னொன்று, ஃபார்மட் போட்டு குரோமில் லாகின் செய்தவுடன் சிங்க்கில் (கூகிள் கணக்கில் சேமித்த பிரதியில்) இருந்த எக்ஸ்டென்ஷன்கள் தானாகத் திரும்ப வரும். லாகின் ஆனதும் அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

---

செண்பகம்_கோவில்பட்டி

ஜிமெயில், பேங்க், வாட்ஸ்அப் எல்லாம் நேற்று இரவே போனில் முடித்துவிட்டேன். பேங்கில் பணம் எதுவும் குறையவில்லை. ஜிமெயிலில் தெரியாத சாதனம் ஒன்று இருந்தது, வெளியேற்றினேன். பையனின் இன்ஸ்டாகிராமில் அவன் போடாத கிரிப்டோ விளம்பரம் போயிருக்கிறது, நண்பர்கள் சொன்ன பிறகுதான் தெரியும்.

ஃபார்மட் எப்படிப் போடுவது? விண்டோஸ் சாவி என்று எதுவும் கடைக்காரர் தரவில்லை.

---

ரிச்சித்தெருக்காரன்

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் கவலையில்லை, திரும்ப ஏற்றி இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" என்று இருந்தால், மறுபடியும் அதே "நிறுவனம்"! வீட்டுக் கணினியில் அப்படி இருந்தால் பெரும்பாலும் கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாமல் ஓட வைக்கும் திருட்டு நிரல். அந்த கிராக்குகளும் ஏற்றும்போதே டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும், எக்ஸ்க்ளூஷன் போடும். உங்கள் சி டிரைவை அந்தப் பட்டியலில் போட்டது பையனின் மாட்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பையனை ரொம்பத் திட்ட வேண்டாம்.

ஏற்ற, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருக்கும் எல்லாம் அழியும், அதனால் காலியான ஒன்றை எடுங்கள். சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி அதில் விண்டோஸை எழுதுங்கள். கணினியிலேயே "ரீசெட் திஸ் பிசி" இருக்கிறது, அதிலும் "ரிமூவ் எவ்ரிதிங்", "கிளவுட் டவுன்லோட்" என்று கொடுத்தால் புதிதாக இறக்கிக்கொள்ளும், சுமார் 4 ஜிபி டேட்டா போகும். "கீப் மை ஃபைல்ஸ்" வேண்டாம். நான் பென்டிரைவ் கட்சி.

---

பென்குயின்_பிரியன்

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்ததே. லைசென்ஸும் இல்லை என்றால் எதற்குத் திரும்ப அதே கிணற்றில்? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள் அக்கா. இலவசம், 4 ஜிபி ரேம் இருந்தால் நன்றாக ஓடும். தமிழ் தட்டலாம், லிபர்ஆஃபிஸ் உள்ளேயே வரும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கில் எதுவும் மாறாது.

---

ரிச்சித்தெருக்காரன்

அவர் பையன் கேம் ஆடுகிறவன், பிரியன். மற்றபடி சொன்னது நியாயம். 10லேயே இருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்களைக் காசில்லாமல் பெற வழி கொடுத்திருந்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. கணினி ஏற்றுக்கொண்டால் 11க்குப் போவது நல்லது.

---

சிவகாசி_டிடிபி

இந்தப் பக்கம் யாரும் சொல்லாததால் சொல்கிறேன். அப்பா சங்கக் கடிதம் எந்த ஃபான்ட்டில் தட்டுகிறார்? பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட் என்றால் ஃபார்மட்டுக்கு முன்னால் ஃபான்ட் ஃபைலை எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குக் கடிதத்தைத் திறந்தால் "mk;kh" மாதிரி ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். கடிதம் அழிந்துவிட்டது என்று பலர் அழுதுகொண்டு கடைக்கு வருவார்கள். ஒன்றும் அழிந்திருக்காது, ஃபான்ட் போட்டால் வந்துவிடும்.

பேக்கப் எடுக்கும்போது கடிதம், போட்டோ, பிடிஎஃப், ஃபான்ட் மட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே தூக்காதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் செய்துவிட்டுப் பாருங்கள். போட்டோ ஐகானோடு பெயர் எக்ஸ்இ என்று முடிந்தால் அதைத் தொட வேண்டாம்.

என்ஹெச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை மாதிரி தட்டச்சுக் கருவிகளை ஏதாவது ஆன்டிவைரஸ் கீலாகர் (தட்டுவதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் நிரல்) என்று சந்தேகப்பட்டாலும் பயப்பட வேண்டாம். நாம் தட்டும் விசையை இடையில் பிடித்துத்தான் அவை தமிழாக்குகின்றன, கீலாகரும் விசையை இடையில்தான் பிடிக்கிறது. ஆனால் கண்ட "ஃப்ரீ டவுன்லோட்" தளத்தில் கிடைக்கும் பிரதியை நம்பாதீர்கள், கூடவே நாலு குப்பை ஏறும். தமிழ்99 தட்டுகிறவர் என்றால் வெளிக் கருவியே தேவையில்லை, விண்டோஸிலேயே இருக்கிறது.

---

செண்பகம்_கோவில்பட்டி

சிவகாசி அண்ணாச்சி, அப்பா பாமினிதான்! டைப்ரைட்டிங் முறையில் பழகியவர். பழைய டைப்ரைட்டர் முறை என்ஹெச்எம்மில் இருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

ஆக்டிவேஷன் பக்கத்தில் "நிறுவனம்" என்றுதான் வருகிறது. கடைக்காரரிடம் லைசென்ஸ் பில் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. இப்போதைக்கு மின்ட்டைப் பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கிறோம், அப்பாவும் நானும் பார்க்கிற வேலைக்கு அது போதும் போலத் தெரிகிறது. பையன் முகம்தான் தொங்கிக் கிடக்கிறது. அவனுக்காக முறையாக விண்டோஸ் வாங்கினால், அவன் எதையும் ஏற்ற முடியாதபடி செய்ய வழி உண்டா?

---

நாமக்கல்_கவிதா

அவனுக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு போட்டுக் கொடுங்கள், அட்மின் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கட்டும். டிஃபெண்டரை அணைக்கவோ எக்ஸ்க்ளூஷன் போடவோ அவனால் முடியாது, கணினி முழுவதற்குமான பாலிசியும் எழுத முடியாது. ஆனால் ஸ்டீலர் ஓடுவதற்கு அட்மின் அனுமதி தேவையில்லை, அவன் கணக்கில் அவன் பிரவுசரில் இருப்பதை அப்போதும் அள்ளிக்கொண்டு போகும். உங்கள் பேங்க் வேலையை மட்டும் அந்தக் கணக்கில் எந்நாளும் செய்யாதீர்கள் அக்கா.

---

சிவகாசி_டிடிபி

அப்பா பிரிண்ட் எடுக்க வெளிக் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோவாரா? கொண்டுபோனால் திரும்பி வந்ததும் டபுள் கிளிக் செய்யாமல் ரைட் கிளிக்கில் ஸ்கேன் போடச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் ஆட்டோப்ளேயையும் அணைத்துவிடுங்கள். பிடிஎஃப்பாக மாற்றிக் கடையின் மெயிலுக்கு அனுப்பிவிட்டால் பென்டிரைவே தேவைப்படாது. பாமினியும் அதற்குள்ளேயே போய்விடும், கடையில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் அச்சு சரியாக வரும்.